நெருப்புப்பெட்டிக்கு எவ்வளவு தோல்?

பிள்ளைகளும் கணக்கும் – மாதப் பகுதி



சென்ற மாதம் ஒரு தாய் தொலைபேசியில் பேசினார். மகனுக்குப் பதினொரு வயது. இடம்பெயர்ந்து திரிந்ததிலும், இங்கு வந்து பாடசாலையில் இடம் கிடைக்கும்வரை காத்திருந்ததிலும் ஒன்றரை வருடப் படிப்பு போய்விட்டது. இப்போது ஷார்ஜாவில் ஒரு பாடசாலையில் சேர்த்திருக்கிறார்கள். எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான்.

"கணக்குக் கொப்பியிலை 'சேர்ஃபஸ் ஏரியா' எண்டு போட்டிருக்கு. அது என்னம்மா எண்டு கேக்கிறான். நான் ஓ.எல். சோதினைக்கே இருக்கேல்லை. எனக்கு என்னடா தெரியும், போய் ரீச்சரைக் கேள் எண்டு சொல்லிப்போட்டன். சொன்ன பிறகு மனம் கேக்கேல்லை" என்றார்.

இது ஒரு தாயின் கவலை மட்டும் அல்ல. எங்களில் பலர் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். விரும்பி விட்டவர்களும் அல்லர். பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சொன்னதும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் எங்கள் கைக்குத் தெரிந்த வேலைதான். அந்தத் தாய்க்குச் சொன்னதையே எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

'சேர்ஃபஸ் ஏரியா' என்பது தமிழில் மேற்பரப்பளவு. இன்னும் எளிதாகச் சொன்னால், ஒரு பொருளின் தோல் எவ்வளவு என்ற கணக்கு. தலையணைக்கு உறை தைத்தவருக்கும், பிள்ளையின் புத்தகத்துக்குக் கடதாசி உறை போட்டவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். துணி காணுமா, கடதாசி காணுமா என்று கண்ணால் மதிப்பிட்டதை இனி எண்ணால் சொல்லப் போகிறோம். அவ்வளவுதான்.

தேவையானவை ஓர் அடிமட்டம், பென்சில், கத்தரிக்கோல், சதுரக்கோட்டுக் கொப்பி, குசினியில் சமைத்ததை மூடும் அலுமினியத் தாள். இவற்றுடன் ஒரு வெற்று நெருப்புப்பெட்டி, ஒரு பால் ரின், ஒரு தோடம்பழம், ஒரு முட்டை, சதுரக் கட்டியாக விற்கும் சீனி கொஞ்சம். ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் போதும்.

1. நெருப்புப்பெட்டி

பெட்டியை மேசையில் வைத்துப் பிள்ளையிடம் கேளுங்கள்: இதற்கு எத்தனை முகம்? மேல், கீழ், முன், பின், இரண்டு பக்கம். மொத்தம் ஆறு. எதிரெதிரே உள்ளவை ஒரே அளவு. ஆகவே மூன்றை அளந்து இரண்டால் பெருக்கினால் வேலை முடிந்தது.

நீளம் 5, அகலம் 3.5, உயரம் 1.5 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 5 × 3.5 = 17.5. 5 × 1.5 = 7.5. 3.5 × 1.5 = 5.25. மூன்றையும் கூட்டினால் 30.25. இரண்டால் பெருக்கினால் 60.5 சதுர சென்ரிமீற்றர். இனி இதை ச.செ.மீ. என்று சுருக்கி எழுதுகிறேன்.

விடை சரியா என்று பார்க்க, பெட்டி வடிவத்தைக் கொப்பியில் விரித்து வரைந்து வெட்டிச் சுற்றிப் பாருங்கள். இடைவெளி விடாமலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் மூடினால் கணக்கு சரி. ஒன்றைக் கவனியுங்கள். நெருப்புப்பெட்டியின் வெளிக்கூட்டுக்கு நான்கு முகம்தான். மற்ற இரண்டும் உள்ளே தள்ளும் தட்டினுடையவை. இதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துச் சொன்னால் மெச்சுங்கள். சோதினையில் 'மூடியில்லாத பெட்டி' என்று கேட்டுப் பிள்ளைகளை விழுத்துவது இந்த இடத்தில்தான்.

2. பால் ரின்

ரின்னின் மேலும் கீழும் வட்டம். சுற்றிவர இருப்பது ஒட்டிய கடதாசி. அந்தக் கடதாசியைப் பக்குவமாக உரித்து எடுங்கள். விரித்தால் அது ஒரு நீள்சதுரம்! வளைந்த பரப்பு என்று பயந்தது தட்டையாகிவிட்டது. அதன் உயரம் ரின்னின் உயரம். அதன் நீளம் ரின்னின் சுற்றளவு. ஒட்டுவதற்காக மடித்த சிறு பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

விட்டம் 7 செ.மீ. என்றால் சுற்றளவு அதன் 22/7 மடங்கு, அதாவது 22 செ.மீ. உயரம் 8 என்றால் பக்கத் தோல் 22 × 8 = 176. வட்டம் ஒன்றின் பரப்பு 22/7 × 3.5 × 3.5 = 38.5. இரண்டுக்கும் 77. மொத்தம் 253 ச.செ.மீ.

3. தோடம்பழம்

உருண்டையைக் கடதாசியால் சுற்ற முடியாது. எப்படிச் சுற்றினாலும் மடிப்பு விழும். ஆனால் தோடம்பழம் தன் தோலைத் தானே தருகிறது. பழத்தின் நடுப்பகுதியைக் கொப்பியில் அமர்த்தி, அதே அகலத்தில் நான்கு வட்டங்கள் வரையுங்கள். பிறகு தோலைச் சிறு துண்டுகளாக உரித்து, தட்டையாக அழுத்தி, வட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்புங்கள். நான்கு வட்டமும் ஏறத்தாழ நிரம்பும். பழம் சரியான உருண்டையாக இருக்க இருக்க விடையும் சரியாக வரும். விட்டம் 7 செ.மீ. என்றால் 4 × 38.5 = 154 ச.செ.மீ.

இந்த உண்மையைக் கண்டவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். சிசிலித் தீவில் வாழ்ந்த கிரேக்கர் ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இதை நிறுவினார். உருண்டை உள்ளே சரியாகப் பொருந்தும் ஓர் உருளையை எடுத்தால், அதன் பக்கத் தோலும் உருண்டையின் தோலும் ஒரே அளவு என்றார். நீங்களே பாருங்கள். 7 செ.மீ. விட்டமும் 7 செ.மீ. உயரமும் உள்ள ரின்னின் பக்கத் தோல் 22 × 7 = 154. அதே எண்! உருளையும் உருண்டையும் அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டிருந்தன. கி.மு. 75 இல் உரோமர் சிசரோ பற்றை மூடிக் கிடந்த அந்தக் கல்லறையை அந்த உருவங்களை வைத்தே அடையாளம் கண்டார்.

ஒன்பதாம் நூற்றாண்டில், இந்த வளைகுடா முடியும் இடத்துக்கு அப்பால் பக்தாத்தில், மூசாவின் மைந்தர் என்று பெயர்பெற்ற மூன்று சகோதரர்கள் உருண்டையின் பரப்பை நிறுவி அரபு மொழியில் நூல் எழுதினார்கள். அது பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் போய் ஐரோப்பியருக்குப் பாடமாயிற்று. இந்தியாவில் பாஸ்கராச்சாரியார் 1150 ஆம் ஆண்டளவில் எழுதிய லீலாவதியில், வட்டப் பரப்பின் நான்கு மடங்கே உருண்டையின் பரப்பு என்று சொல்லி, பந்தைச் சுற்றிய வலையை அதற்கு உவமை காட்டினார். வகுப்பில் அரபுப் பிள்ளைகளோடும் இந்தியப் பிள்ளைகளோடும் இருக்கும் உங்கள் மகனுக்கும் மகளுக்கும் இதைச் சொல்லுங்கள். கணக்கு ஒருவர் வீட்டுச் சொத்து அல்ல.

4. முட்டை

முட்டை பெட்டியும் அல்ல, ரின்னும் அல்ல, பந்தும் அல்ல. இதற்குச் சூத்திரம் தேடிப் பிள்ளையைக் களைக்கப்பண்ண வேண்டாம். அவித்த முட்டையை அலுமினியத் தாளால் ஒரு படையாக இறுக்கி மூடுங்கள். மடிப்பு விழும் இடங்களில் கத்தரித்து, ஏறி நிற்பதை வெட்டி எறியுங்கள். பிறகு கழற்றித் துண்டு துண்டாகத் தட்டையாக்கி, சதுரக்கோட்டுக் கொப்பியில் வைத்து விளிம்பைப் பென்சிலால் வரையுங்கள். உள்ளே எத்தனை சதுரம் என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் ஒன்று என்று எடுங்கள். பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் கொப்பிச் சதுரம் ஒரு சென்ரிமீற்றரா, அரைச் சென்ரிமீற்றரா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். அரை என்றால் நான்கு சதுரம் சேர்ந்துதான் ஒரு ச.செ.மீ.

60 கிராம் அளவுள்ள கோழிமுட்டைக்கு ஏறத்தாழ 70 ச.செ.மீ. வரும். 65 வந்தாலும் 75 வந்தாலும் குறைசொல்ல வேண்டாம். இரண்டாம் தரம் செய்யும்போது பிள்ளை தானே திருத்தும்.

இது குழந்தைப்பிள்ளை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். நியூயோர்க்கில் டு புவா என்ற குடும்பப்பெயர் கொண்ட இரண்டு ஆய்வாளர்கள் மனித உடலின் மேற்பரப்பை இப்படித்தான் அளந்தார்கள். ஆளுக்கு இறுக்கமான மெல்லிய உடை போட்டு, அதன்மேல் கடதாசிப் பட்டிகளை ஒட்டி, காய்ந்ததும் வெட்டிக் கழற்றித் தட்டையாக்கினார்கள். அந்த உருவை ஒளிப்படத் தாளில் பதித்து, வெட்டி, தராசில் நிறுத்தார்கள். தாளின் நிறையிலிருந்து பரப்பு தெரிந்தது. ஒன்பது பேரின் அளவுகளைக் கொண்டு 1916 இல் அவர்கள் வெளியிட்ட சூத்திரம் வைத்தியசாலைகளில் இன்றும் பயன்படுகிறது. உங்கள் குசினியில் முட்டைக்குச் செய்ததும் அதே வேலைதான்.

5. சிறியதற்குத் தோல் கூட

இனித்தான் இந்தப் பாடத்தின் முக்கியமான இடம். எட்டுச் சீனிக்கட்டிகளை எடுங்கள். கீழே நான்கு, மேலே நான்கு என அடுக்கி ஒரு பெரிய கட்டி ஆக்குங்கள். வெளியே தெரியும் சிறு முகங்களைப் பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு நான்கு, ஆறு பக்கத்துக்கு 24.

இப்போது கட்டியைக் குலைத்துத் தனித்தனியாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு முகம். எட்டுக்கும் 48. சீனி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தோல் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது. முன்பு ஒன்றோடொன்று ஒட்டி மறைந்திருந்த முகங்கள் இப்போது வெளியே வந்துவிட்டன.

ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்கானால் தோல் நான்கு மடங்காகிறது. உள்ளே இருப்பதோ எட்டு மடங்காகிறது. அதனால் பெரியதற்கு உள்ளே இருப்பதோடு பார்க்கத் தோல் குறைவு. சிறியதற்குக் கூட. உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டினால் கெதியாக அவிவது இதனால்தான். பெரிய ஐஸ்கட்டி நின்று கரைவதும், உடைத்த ஐஸ் உடனே நீராவதும் இதனால்தான். சூடு உள்ளே போவதும் வெளியே வருவதும் தோல் வழியாகத்தான்.

மன்னார்க்காரர் இதை முத்தில் பார்க்கலாம். 6 மில்லிமீற்றர் முத்து ஒன்றும் 3 மில்லிமீற்றர் முத்து எட்டும் ஒரே நிறை. பெரிய முத்தின் தோல் 113 சதுர மில்லிமீற்றர். சிறிய எட்டுக்கும் சேர்த்து 226. முத்து என்பது சிப்பி படைபடையாகப் பூசி வளர்ப்பது. ஆகவே வளர வளர ஒவ்வொரு படைக்கும் வேண்டிய பூச்சும் கூடிக்கொண்டே போகிறது. இலங்கையின் முத்துக்குளிப்பில் கிடைத்தவற்றை 20 துளை முதல் 1000 துளை வரை உள்ள பத்துப் பித்தளைச் சல்லடைகளில் போட்டுப் பருமன் பிரித்தார்கள். 1905 இல் மறிச்சுக்கட்டியில் நடந்த பெரிய முத்துக்குளிப்புக்கு எங்கள் கரைச் சுழியோடிகளோடு, இந்த வளைகுடாவிலிருந்து அரபுச் சுழியோடிகளும் கப்பலேறி வந்திருந்தார்கள். 1930களில் உலகப் பொருளாதார வீழ்ச்சியாலும் ஜப்பானின் வளர்ப்பு முத்தாலும் வளைகுடாவின் முத்துத் தொழில் படுத்தது. நாங்கள் இங்கு வருவதற்கு முன்பே அவர்கள் எங்கள் கடலுக்கு வந்து போனார்கள் என்பதும் பிள்ளைகள் அறிய வேண்டியதுதான்.

6. எங்கள் பிள்ளையின் தோல்

சீனிக்கட்டியில் கண்ட உண்மையை வீட்டில் உள்ளவர்களுக்குப் பொருத்திப் பாருங்கள். உடலின் மேற்பரப்பைக் கணிக்க 1987 இல் வந்த ஓர் எளிய வழி உண்டு. உயரத்தைச் சென்ரிமீற்றரிலும் நிறையை கிலோகிராமிலும் எடுத்துப் பெருக்கி, 3600 ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். விடை சதுர மீற்றரில் வரும்.

170 செ.மீ. உயரமும் 70 கிலோ நிறையும் உள்ள தகப்பனுக்கு 1.82 சதுர மீற்றர். 75 செ.மீ. நீளமும் 10 கிலோ நிறையும் உள்ள குழந்தைக்கு 0.456. தகப்பனின் தோல் கூடத்தானே என்று தோன்றும். கிலோ ஒன்றுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். தகப்பனுக்கு 260 ச.செ.மீ. குழந்தைக்கு 456. ஒன்றேமுக்கால் மடங்கு!

எங்கள் ஊரில் இந்தக் கணக்கு தெரியாமலே பிள்ளை வளர்த்தோம். அங்கே வேம்பின் நிழலும் கடற்காற்றும் இருந்தன. இங்கே கோடையில் 45 பாகைக்கு மேலும் வெயில் ஏறுகிறது. எங்கள் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகை. வெளிக்காற்று அதைவிடச் சூடானால் தோல் வழியாகச் சூடு உள்ளே வருகிறது. தோல் கூடிய குழந்தைக்கு அது கூடுதலாக வருகிறது. வியர்வை காய்ந்துதான் உடல் குளிர வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வியர்ப்பது குறைவு. ஆவணி மாதத்துக் கடற்கரை ஈரக்காற்றில் வியர்வை காய்வதும் கடினம். தண்ணீர் வேண்டும் என்று கேட்கவும் கைக்குழந்தைக்குத் தெரியாது. இவை எல்லாம் சேர்வதால், பூட்டிய காருக்குள் பிள்ளையின் உடற்சூடு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாக ஏறும் என்று பாதுகாப்பு அறிவுரைகள் சொல்கின்றன. வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 10 பாகை கூடிவிடும்.

ஆகவே 'ஒரு நிமிடம் கடைக்குள் போய்விட்டு வருகிறேன்' என்று குழந்தையைக் காரில் விட்டுச் செல்லாதீர்கள். யன்னலைச் சிறிது திறந்து விட்டாலும் அது போதாது. குழந்தை நித்திரை என்றாலும் தூக்கிக்கொண்டு போங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் தொழிலாளரை வேலை செய்விக்கத் தடை இருக்கிறது. வளர்ந்த ஆணுக்கே அந்த நேரம் ஆகாது என்றால், கைக்குழந்தையை அந்த நேரத்தில் வெளியே கொண்டு திரிவது எப்படி?

இன்னொன்றையும் அறிந்துவைத்திருங்கள். கொதிநீர் பட்டால் வைத்தியசாலையில் உடலின் எத்தனை வீதம் வெந்தது என்று பார்ப்பார்கள். காயம்பட்டவரின் சொந்தக் கை, விரல்களையும் சேர்த்து விரித்த உள்ளங்கை, அவரது உடல் மேற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று. பிள்ளைக்குப் பிள்ளையின் கைதான் அளவு, உங்கள் கை அல்ல. குழந்தைக்குச் சிறிய காயமும் பெரிய வீதமாகிவிடும். குழாய்த் தண்ணீரை வெந்த இடத்தில் இருபது நிமிடம் ஓடவிட்டு, உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். எண்ணெய், பற்பசை எதுவும் பூச வேண்டாம். கோடையில் தாங்கியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே சுடும். முதலில் கையால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாய் இந்த மாதம் திரும்பவும் பேசினார். சீனிக்கட்டியில் பாதி கணக்குக்கும் பாதி வாய்க்கும் போயிற்றாம். கொப்பியில் இரண்டு விடை பிழையாம். ஆனால் பத்து மாதத் தங்கச்சியைப் பார்த்துவிட்டு மகன் சொன்னானாம்: "அம்மா, இவள் சின்னக் கட்டி. எங்களைவிட இவளுக்குத்தான் வெக்கை கூட." இரண்டு பிழையையும் ஆசிரியர் திருத்திக்கொள்வார். பாடத்தைப் பிள்ளை விளங்கிக்கொண்டுவிட்டான். ஓ.எல். சோதினைக்கு இருக்காத அம்மாதான் அதைச் சொல்லிக் கொடுத்தார்.

இந்த மாத வீட்டுவேலை: புதிய சவர்க்காரக் கட்டி ஒன்றின் மேற்பரப்பை அளந்து எழுதிவையுங்கள். இரண்டு வாரம் பாவித்த பிறகு திரும்பவும் அளவுங்கள். தோல் எவ்வளவு குறைந்தது, நிறை எவ்வளவு குறைந்தது, எது கூடுதலாகக் குறைந்தது என்று பாருங்கள். பிள்ளைகள் தங்கள் கையெழுத்திலேயே விடை எழுதி அனுப்பலாம். தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். அடுத்த இதழில் சேர்ந்து பார்ப்போம்.